கட்டம் போட்டு வரைந்தால் ஆய்வாகுமா?

கேள்வி: வணக்கம் மேடம். காரைக்குடிப் பக்கம் சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறேன், இது மூன்றாவது வருடம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றியது என் ஆய்வு. ரெக்கார்டரை வெளியே எடுத்தாலே பேச்சு நின்றுவிடுகிறது என்பதால் நோட்டில் படமாக வரைந்துகொள்ள ஆரம்பித்தேன், இப்போது நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. ஒரு இயலைக் காமிக்ஸாகவே கொடுக்கலாமா, களத்தில் உள்ள பெண்களோடு சேர்ந்து ஸீன் என்கிற சின்னக் கைப்புத்தகங்கள் செய்யலாமா என்று கைடிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சீன் போடாம எழுதுற வேலையைப் பாரும்மா" என்றார். எனக்கு ஓவியப் பயிற்சியும் கிடையாது. நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன். இதை ஆய்வு முறை என்று சொல்லிக்கொள்ள முடியுமா, இல்லை எழுதுவதைத் தள்ளிப்போட நான் சாக்குத் தேடுகிறேனா?

பதில்: உங்கள் கைடின் சிலேடை நன்றாகவே இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேகஸீன் என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட சொல்தான் ஸீன், தமிழில் வந்து மாட்டிக்கொண்டது. ஆனால் சிரித்த மனிதர் முடியாது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

நான்கு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். நான்கில் ஒரு பக்கம் அசல் ஆய்வு. ஒரு பக்கம் சாக்கு. மற்ற இரண்டும் நடுவில் நிற்கின்றன, ஒன்றைத் தேற்றலாம், இன்னொன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு டைப் அடித்துவிடலாம்.

அசல் என்று சொன்னது இரண்டாம் பக்கம். ஒன்பது கட்டங்கள். சாவிக்கொத்தோடு அந்த அக்கா தெருக்கதவைத் திறக்கிறார், முகப்பு, பட்டாலை, நடு முற்றமான வளவு என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போகிறார், கடைசிக் கட்டத்தில் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். அந்தக் கட்டத்தின் மேலே, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "இது எங்க வீடு மாதிரித்தான் ஆத்தா." சரி. இப்போது தரையைப் பாருங்கள். முதல் ஏழு கட்டத்திலும் பொறுமையாக ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை வரைந்திருக்கிறீர்கள். எட்டாவதில் பூ நின்றுவிடுகிறது, வெறும் சிமெண்டுத் தரை. அவர் உட்காருவது அங்கே. பூக்கல் முடிந்து சிமெண்டு தொடங்குகிற இடத்திலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி. வருடத்தில் முக்கால்வாசி நாள் ஈ காக்கை இல்லாத வீட்டில், தடுக்க ஆளே இல்லாத வீட்டில், அவர் பூக்கல்லில் உட்காரவில்லை. வாய் 'எங்க வீடு' என்கிறது, உடம்பு வேறு சொல்கிறது.

இதை நீங்கள் கவனித்து வரைந்தீர்களா, இல்லை கை தானாக வரைந்ததா என்று எனக்குத் தெரியாது, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதால் கை தானாகத்தான் வரைந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அப்படியென்றால் இன்னும் நல்லது. எழுதியிருந்தால் "வீட்டைத் தன் வீடாகவே கருதுவதாகக் கூறினார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பேட்டிக்குப் போயிருப்பீர்கள். வரைய உட்கார்ந்தால் அந்த வசதி கிடையாது. ஒரு ஆளை வரைய வேண்டுமென்றால் அவரை எங்காவது உட்கார வைத்தாக வேண்டும், கீழே தரை போட்டாக வேண்டும், எந்தத் தரை என்று முடிவு செய்தாக வேண்டும். எழுத்தில் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய நூறு விஷயங்களைப் படம் கேட்டு வாங்கும். காமிக்ஸ் ஆய்வு முறையாவதற்கு என்னிடம் இருக்கிற முதல் காரணம் இதுதான். அப்புறம், சொல்லும் உடம்பும் முரண்படுவதை உரைநடையில் எழுதினால் 'ஆனால்' போட்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத வேண்டும், அந்த 'ஆனால்' வந்த உடனே அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கட்டத்தில் இரண்டும் ஒரே பார்வையில் இருக்கின்றன, அவர் சொன்னதும் நிஜம், உட்கார்ந்த இடமும் நிஜம்.

அதே பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாம் கட்டத்தில் வளவில் வெயில் காலை வெயில், நிழல் நீளமாக விழுகிறது. ஆறாம் கட்டத்தில் நிழல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, சாயங்காலம். நடுவில் எங்கே போனது மத்தியானம்? கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில்தான் காமிக்ஸின் வேலை பாதி நடக்கிறது, அங்கே இல்லாததை வாசகரே மனசுக்குள் நிரப்பிக்கொள்கிறார். இதை ஸ்காட் மெக்ளவுட் என்பவர் 1993இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே ஒரு புத்தகம் போட்டு விளக்கினார். வாசகருக்கு அது ரசனை, ஆய்வாளருக்கு அது கணக்குக் கேட்கிற இடம். அக்கா மத்தியானம் எங்கே சாப்பிட்டார்? அந்த வீட்டு அடுப்படியிலா, வீட்டுக்குப் போய்விட்டு வந்தாரா, தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாரா, அந்த வீட்டுத் தட்டில் சாப்பிட்டாரா? உங்கள் நோட்டில் பதில் இருந்தால் ஒரு கட்டம் கூட்டுங்கள். இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். முந்நூறு பக்கம் டைப் அடித்திருந்தாலும் இந்த ஓட்டை உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

சாக்கு என்று சொன்னது முதல் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்கில் அதுதான் ரொம்ப அழகு. முழுப்பக்க முகப்பு, மேலே சுதையில் கஜலட்சுமி, தூண், கோலம். வரைய இரண்டு நாளாவது ஆகியிருக்கும். ஆனால் அந்தப் படத்தை எடுத்துவிட்டால் உங்கள் ஆய்வில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது, ஒரு போட்டோ வைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், இதை எடுத்தால் என் வாதம் நொண்டுமா? நொண்டினால் அது முறை, நொண்டாவிட்டால் அலங்காரம். அலங்காரம் தப்பில்லை, ஆனால் அதைக் காட்டிக் கைடிடம் 'இது என் ஆய்வு முறை' என்று சொன்னால் அவர் அடித்த சிலேடை சரியாகிவிடும்.

அந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் அக்காவின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டீர்கள், முகத்தையும் மாற்றி வரைந்திருக்கிறீர்கள். எல்லாம் செய்துவிட்டு முகப்பை அச்சு அசலாக வரைந்து வைத்திருக்கிறீர்கள். செட்டிநாட்டில் முகத்தைவிட முகப்புதானே அடையாளம்! சுதையில் வெள்ளைக்கார உருவமா கஜலட்சுமியா, மாடத்தில் எத்தனை வளைவு என்று பார்த்தே இது இன்னார் வீடு என்று சொல்ல எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன் போதும். அதுவும் போதாதென்று இரண்டாம் பக்கத்தின் நான்காம் கட்டத்தில் ஒரு பித்தளை அண்டா, அதன் கழுத்தில் மூன்று எழுத்து. இங்கே பாத்திரத்தில் வெட்டுவது குடும்பத்தின் விலாசம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் படித்தாலே வீட்டுக்காரர் கையில் உங்கள் ஆய்வேட்டைக் கொடுத்த மாதிரி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் பட்டிருக்கிறேன், சரியாகச் சொன்னால் என்னால் இன்னொருவர் பட்டிருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னால் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் செய்தேன், இருபது பிரதிதான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு பக்கத்தில் அழகுக்காக ஒரு கொட்டான் கூடையையும் அதன் விளிம்பில் இருந்த குரோஷே வேலையையும் அப்படியே பார்த்து வரைந்திருந்தேன். அந்த வேலைப்பாட்டைப் பார்த்து அது யார் வீட்டுக் கூடை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள், நான் போய்க் கெஞ்சி, அவரும் கெஞ்சி, மூன்று வாரம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரச் சம்பளம் போனது. நான் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. இன்றைக்கும் கொட்டானைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஆகவே முகப்பைக் கலந்து வரையுங்கள். மூன்று நான்கு வீட்டிலிருந்து தூண் ஒன்று, கதவு ஒன்று, சுதை ஒன்று என்று எடுத்து எங்கேயும் இல்லாத ஒரு வீட்டைக் கட்டுங்கள், கட்டியிருக்கிறேன் என்று முறையியல் இயலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆனால் அக்கா உட்கார்ந்த இடத்தை மட்டும் கலக்காதீர்கள். எதை மாற்றலாம், எதை மாற்றினால் ஆய்வே பொய்யாகிவிடும் என்று பிரிப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, வரைவது அதற்கு அப்புறம்தான்.

மூன்றாம் பக்கம். அக்காவின் மாமனாரோட அப்பா ரங்கூனில் சமையலுக்குப் போனவர், 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பியவர் என்ற கதை. காடு, மழை, மூட்டை முடிச்சு, வரிசையாக ஆட்கள், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை எந்தக் கோட்டில் வரைந்தீர்களோ அதே கோட்டில், அதே உறுதியோடு இதையும் வரைந்திருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. அவருக்கு மாமியார் சொன்னது, மாமியாருக்கு அவர் மாமனார் சொன்னது. உரைநடையில் 'என்கிறார்', 'என்றாராம்' என்று ஒரு 'ஆம்' போட்டு இந்தத் தூரத்தைக் காட்டிவிடுவோம், தமிழ் இதில் கெட்டிக்காரி. படத்தில் 'ஆம்' விகுதி கிடையாது, நீங்கள்தான் ஒன்றை உண்டாக்க வேண்டும். கேட்டதற்குப் புள்ளிக்கோட்டுக் கட்டம், பார்த்ததற்கு முழுக்கோட்டுக் கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது சொல்கிறவரின் முகத்தைக் கட்டத்தின் ஓரத்தில் எப்போதும் வைத்திருக்கலாம். ஜோ சாக்கோ 1956இல் காசாவில் நடந்த படுகொலைகளைப் பற்றி 2009இல் வெளியிட்ட பெரிய காமிக்ஸில் செய்தது ஏறக்குறைய இதுதான், சாட்சிகளின் முகம் வந்துகொண்டே இருக்கும், ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் பொருந்தாத இடங்களை மறைக்கவும் மாட்டார். எதைத் தேர்ந்தாலும் ஆய்வேடு முழுக்க ஒரே விதி. இந்தப் பக்கம் தேறும்.

நான்காம் பக்கம் தேறாது. ஆறு கட்டம், ஆறிலும் நீங்களும் வீட்டுக்காரரின் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறீர்கள், தலைக்கு மேலே முக்கால் கட்டத்துக்குப் பேச்சு. இது பேட்டிதான், பேட்டியாகவே போட்டுவிடுங்கள், படிக்கிறவருக்கும் கண் வலிக்காது.

வரையத் தெரியாது என்கிறீர்கள். உங்கள் இரண்டாம் பக்கத்து அக்காவுக்கு இடது கை வலது கையைவிட நீளம், அதனால் என் கண்ணுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குச்சி மனிதர்களை வைத்தும் செய்யலாம், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு அடையாளம் போதும், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, கொண்டை. உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடே ஒரு நேர்கோடு. தெருக்கதவில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவு கதவுக்குள் கதவாகப் பின்கட்டு வரை, சில வீட்டில் பின் தெரு வரை தெரியும். யார் எந்தக் கதவு வரை வரலாம் என்பதில்தான் அந்த ஊரின் சாதியும் உறவும் சம்பளமும் இருக்கிறது, நீங்கள் ஆராய்வதும் அதைத்தானே. அந்த நேர்கோட்டை ஒரு நீளத்தாளில் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு பேட்டிக்கும் அதன் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து ஆள் நின்ற இடங்களில் புள்ளி வையுங்கள். முப்பது பேட்டிக்கு முப்பது தாள். சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டுப் பாருங்கள், அதற்கு ஓவியம் தெரிய வேண்டியதில்லை.

சரி, ஸீன். இதைக் காமிக்ஸோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். காமிக்ஸ் என்பது சொல்லும் விதம். ஸீன் என்பது செய்து கையில் கொடுக்கும் விதம், அதில் காமிக்ஸும் இருக்கலாம், பாட்டும் சமையல் குறிப்பும் வட்டிக்கணக்கும் இருக்கலாம். சொந்தமாகச் செய்வது, கொஞ்சமாகச் செய்வது, லாபம் பார்க்காமல் கொடுப்பது. அமெரிக்காவில் 1930இல் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட இதழ்களிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள், 1990களில் பெண்கள் தங்கள் கோபத்தையெல்லாம் வெட்டி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததில் அது பெரிதானது, இன்று நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரி மாதிரி இடங்களில் ஸீன்களுக்கென்றே நூலகம் இருக்கிறது. நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கையெழுத்துப் பத்திரிகை நடந்தது, ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றும். அதற்கும் முன்னால் மெட்ராஸ் குஜிலிக் கடைத்தெருவில் கொலை, ரயில் விபத்து, வெள்ளம் எது நடந்தாலும் உடனே சிந்து கட்டி மலிவுத்தாளில் அச்சடித்து விற்றார்கள்.

அந்த மாதிரிச் சில்லறைத் தாள்களை யார் காப்பாற்றினார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்தான். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று எவரும் குப்பை என்று போடுவதையெல்லாம் தன் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்று தமிழில் வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது. ஒருநாள் கைடு 'எட்டுப் பக்க ஜெராக்ஸெல்லாம் ஆதாரமா' என்று கேட்டால் கோட்டையூர் பஸ்ஸைக் காட்டுங்கள்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரே ஒரு வெட்டு, மடக்கினால் எட்டுப் பக்கம். ஸ்டேப்ளர் வேண்டாம், பசை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும், காலேஜ் வாசலில் பிரதிக்கு ஒன்றிரண்டு ரூபாய். விரித்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அங்கே யாருக்கும் காட்ட விரும்பாததை எழுதிக்கொள்ளலாம், மடித்துவிட்டால் வெளியே தெரியாது. சில பெண்கள் இதைச் சொல்லாமலே கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் ஒரு மத்தியானத்தில் பதினைந்து பேரைக் கூட்டி வட்டமாக உட்கார வைத்து ஸ்கெட்ச் பேனா கொடுத்து 'வரையுங்கள்' என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். அறுபது வயதில் பென்சிலைக் கையில் கொடுத்தால் பலருக்கு அது பரீட்சை, பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன அவமானமெல்லாம் திரும்பி வரும். "எனக்கு வரையத் தெரியாது தாயி" என்பார்கள். சொல்கிறவர் அன்று காலையில்தான் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை இழை பிசகாமல் போட்டிருப்பார்! கோலத்திலிருந்து தொடங்குங்கள். பூட்டிய வீட்டு வாசலில் போடுகிற கோலமும் தன் வீட்டு வாசலில் போடுகிற கோலமும் ஒன்றா என்று கேளுங்கள், ஒரு பக்கத்தில் அது, மறு பக்கத்தில் இது. அடுத்து, ஒட்டுவதற்குப் பழைய நாள்காட்டித்தாள், கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சீட்டு, மகள் எழுதுகிறாளென்றால் மகள் எழுதட்டும், அம்மா சொல்லட்டும். ஆனால் யார் சொன்னது, யார் எழுதியது, எழுதும்போது மகள் எதைத் திருத்தினாள் என்பதை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தம் சில சமயம் புத்தகத்தைவிடப் பெரிய தகவல்.

அசல் தாள் செய்தவரிடமே இருக்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொள்வது நகல். ஒப்புதலை இரண்டு தடவை வாங்குங்கள், உட்காரும் முன் ஒன்று, செய்து முடித்து அவரே பார்த்த பிறகு 'இதை வெளியே காட்டலாமா' என்று இன்னொன்று, நடுவில் இரண்டு நாளாவது விட்டு. சிலர் ஒரு பக்கத்தை மட்டும் மறைக்கச் சொல்வார்கள், மறைத்துவிடுங்கள், மறைத்த பக்கத்தை வெறும் கட்டமாகவே அச்சிடுங்கள். அப்புறம் பெயர். பல்கலைக்கழகப் படிவம் எல்லோரையும் பெயரில்லாதவர் ஆக்கச் சொல்லும், ஆனால் தான் செய்த புத்தகத்தின் அட்டையில் தன் பெயரைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? என் வழக்கம், வீட்டுக்குக் கொண்டுபோகும் பிரதியில் பெயர் உண்டு, ஆய்வேட்டுப் பிரதியில் கிடையாது, ஏன் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. இது முழுத் தீர்வு இல்லைதான். பிடிஎஃப் மட்டும் போடாதீர்கள். தாள் பத்துக் கை மாறும், பிடிஎஃப் ஒரே ராத்திரியில் வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும், சிங்கப்பூரில் இருந்து போன் வரும்.

இனி கைடு. நம் ஊரில் படத்தைக் கண்டாலே சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அதில் அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அம்புலிமாமாவில் எழுத்துக் கூட்டி, சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அடி வாங்கிய தலைமுறை அது (என் அண்ணன் வாங்கிய அடியை நான் பார்த்திருக்கிறேன்). பெரிய மனிதராவது என்றால் படத்தை விடுவது என்று பழகிவிட்டார்கள். அவரிடம் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிக் சூசானிஸ் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதையுமே காமிக்ஸாகக் கொடுத்தார், 2015இல் ஹார்வர்டு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது என்று சொல்லலாம். டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2017இல் எகிப்தையும் அமெரிக்காவையும் சேர்த்து எழுதிய ஒரு மானுடவியல் ஆய்வைப் படக்கதையாக வெளியிட்டு ஒரு வரிசையே தொடங்கியது என்றும் சொல்லலாம். மருத்துவத்தில் நோயாளிகளும் டாக்டர்களும் வரைகிற காமிக்ஸ் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் 'கொலம்பியாவில் செய்தார்களே' என்று மூன்றாம் வருட மாணவி சொன்னால் எந்தக் கைடுக்கும் கோபம்தான் வரும். அதைவிட நம் பக்கத்து உதாரணம் ஒன்று நன்றாக வேலை செய்யும்: அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்', 2011இல் வந்தது. வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் கோண்டு பழங்குடி ஓவியர்கள். அவர்கள் கதையைச் சதுரக் கட்டத்துக்குள் அடைக்க ஒப்பவில்லை, தங்கள் மண்சுவரில் போடும் கோலத்தையே பக்கத்தைப் பிரிக்கும் கோடாக வைத்துக்கொண்டார்கள். கட்டத்தின் வடிவம்கூட ஒரு முடிவு, அதற்கு ஒரு அரசியல் உண்டு என்று அதைக் காட்டிச் சொல்லலாம். உங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது, உங்கள் கட்டங்கள் ஏன் சதுரம் என்று யோசித்தீர்களா?

இதையும் முதல் சந்திப்பிலேயே கொண்டுபோகாதீர்கள். இரண்டாம் பக்கத்தை ஒரு பக்கமும், அதே நாளின் பேட்டி எழுத்துவடிவத்தை மறுபக்கமும் வைத்து, 'சார், இதில் எதில் அதிகம் தெரிகிறது' என்று மட்டும் கேளுங்கள். வாதாட வேண்டாம், அவர் பார்க்கட்டும்.

அவர் சம்மதித்தால் அதற்குப் பிறகுதான் எழுத்து வேலை கூடும், குறையாது, சாக்கு என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். எப்போது வரைந்தீர்கள், அங்கேயே வைத்தா, ராத்திரி ஞாபகத்திலிருந்தா, ஒரு மாதம் கழித்தா, எதை விட்டீர்கள், யாரிடம் காட்டினீர்கள், காட்டியபோது என்ன மாற்றச் சொன்னார்கள், இதெல்லாம் உரைநடையில், தெளிவாக, ஒரு தனி இயலாக வர வேண்டும். முதலில் கிறுக்கியதையும் கடைசியில் வரைந்ததையும் தேதி போட்டு இரண்டையுமே வைத்திருங்கள், ஒரே காட்சியை மூன்றாம் முறை வரையும்போது எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்பதுதான் உங்கள் பகுப்பாய்வு, அதை வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் காட்ட வேண்டிவரும். கறுப்பு வெள்ளையில் வரையுங்கள், தேர்வாளருக்குப் போகும் பிரதி ஜெராக்ஸாகத்தான் போகும். இடது ஓரத்தில் பைண்டிங்குக்கு ஒன்றரை அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் அக்காவின் சாவிக்கொத்து தையலுக்குள் போய்விடும். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றும்போது படத்துக்குள் கையால் எழுதிய எழுத்து தேடலில் அகப்படாது, திருட்டு எழுத்தைச் சோதிக்கும் மென்பொருளுக்கும் தெரியாது, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதியிலிருந்து தப்பிக்கப் படத்துக்குள் ஒளித்து வைத்தாள் என்று எவராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் பேச்சையும் காட்சியையும் டைப் அடித்துப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். கண் தெரியாத ஒருவர் உங்கள் ஆய்வைப் படிக்க அதுதான் வழி என்பதால் எப்படியும் செய்ய வேண்டியது அது.

அவர் சம்மதிக்கவில்லையென்றால்? உரைநடையில் எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்குங்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். வரைவதை மட்டும் நிறுத்தாதீர்கள், பூக்கல்லும் சிமெண்டும் சந்திக்கிற இடம் உங்கள் வரியில் வந்துவிட்டால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது, அது ஆய்வேட்டில் அச்சானாலும் சரி ஆகாவிட்டாலும் சரி. நான்கு நோட்டையும் கரையான் அரிக்காத இடத்தில் வைத்திருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இரண்டாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கடைசிக் கட்டத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். 'இதில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். விரலை எங்கே வைக்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.